எழுபத்திரண்டு யாருடையது?

மீட்டரம்மாவைக் கண்டால் நாய்கூட எழுந்து அடுத்த நிழலுக்குப் போய்விடும் என்று டீக்கடைக்காரன் சொல்வான். சுத்தப் பொய். நாய்களுக்கு அவள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. கோபமெல்லாம் வீட்டில் மின் இணைப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான்.

அவள் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள். பழைய ஸ்கூட்டர், தோளில் குறுக்காக ஒரு பை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஹெல்மெட் கண்ணாடி. மாடிப்படிக்கு அடியில், விறகுக் குவியலுக்குப் பின்னால், பீரோவின் முதுகில் என்று மனிதர்கள் எங்கெல்லாம் மீட்டரை ஒளித்து வைக்க முடியுமோ அங்கெல்லாம் குனிந்து டார்ச் அடிப்பாள். கட்டாதவர்கள் வீட்டுக்கு லைன்மேனைக் கூட்டிவந்து பீஸைப் பிடுங்க வைப்பதும் அவள்தான். "ரெண்டு நாள் பொறுங்கக்கா", "வீட்டுல ஆளே இல்லக்கா, எப்படி இவ்ளோ ஓடும்?", "வெயில்ல சூடாகித் தப்பா ஓடுதுக்கா" என்று எந்தப் பாட்டைப் பாடினாலும் அவளிடமிருந்து வருவது ஒரே பதில்:

"மீட்டர் பொய் சொல்லாது."

இதை அவள் ஏழைக்கு ஒரு குரலிலும் பணக்காரனுக்கு ஒரு குரலிலும் சொன்னதில்லை. ஊருக்கு வெளியே மலையைக் குடைந்து ஜல்லி உடைக்கும் கிரஷர்காரன், மீட்டரின் சீலை உடைத்து வைத்துக்கொண்டு அவளுக்கு நாற்காலி போட்டு, குளிர்ந்த பானம் நீட்டினான். நின்றபடியே எழுதி மேலே அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் பேரைக் கேட்டாலே நெஞ்செரிச்சல். ஊர் இதைப் பாராட்டியிருக்க வேண்டும். பாராட்டவில்லை. கிரஷர்காரனிடம் கண்டிப்பாக இருந்தவள் தங்களிடமும் அதே கண்டிப்போடு இருப்பதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் எல்லோருமே கையைத் தட்டுவார்கள். அந்தச் சட்டம் தன் வாசலுக்கு வரும்வரை.

போதாக்குறைக்கு அந்த போர்டு வேறு.

ஊருக்குள் நுழையும் சாலை ஒரு வளைவில் திரும்பி, பாழடைந்த கோடவுன் ஒன்றின் நீளச் சுவரை ஒட்டி நேராக வரும். சுவர் முடிந்ததும் டீக்கடை. அதற்கப்புறம் ஒரு சிறுபாலம். பாலத்தைத் தாண்டினால் பள்ளிக்கூடம். கிரஷரின் டிப்பர் லாரிகள் இந்த வழியாகத்தான் பறக்கும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்த்த மீட்டரம்மா மனு மேல் மனு போட்டாள். கடைசியில் நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் வந்து, பாலத்துக்கு அப்பால் ஒரு கம்பத்தை நட்டு, தலையில் சூரியத் தகடும் முகத்தில் விளக்குகளுமாக ஒரு போர்டைப் பொருத்திவிட்டுப் போனார்கள். வருகிற வண்டியின் வேகத்தை அது பெரிய எண்ணாகக் காட்டும். நாற்பதுக்குள் என்றால் பச்சை. தாண்டினால் சிவப்பு. அபராதம் கிடையாது, படம் பிடிப்பது கிடையாது. எண்ணை மட்டும் சொல்லும்.

ஊர் அதை எப்படி வரவேற்றது? முதல் வாரம் விடலைகள் பைக்கில் வந்து யாருக்குப் பெரிய எண் வருகிறது என்று போட்டி வைத்தார்கள். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். இரண்டாவது வாரம் யாரோ சாக்கைப் போர்த்தினார்கள். மூன்றாவது வாரம் சேற்றை அப்பினார்கள். மீட்டரம்மா வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போய், ஒரு ஸ்டூலில் ஏறிக் கழுவிவிட்டாள்.

"சாமி சிலையா அது, குளிப்பாட்டுறீங்க?" என்றான் டீக்கடைக்காரன்.

"சிலையா இருந்தா நீயே வந்து கழுவியிருப்ப. வேலை செய்யுது பாரு, அதான் சேத்தை அடிக்கிற."

ஆனால் வேலை செய்தது உண்மைதான். திட்டியவனும் போர்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான். காரணம் போர்டு மட்டுமல்ல. டீக்கடை வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு கிடக்கிறது. உட்கார்ந்தால் நேர் எதிரே போர்டு. பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொரு எண்ணையும் கூவிக் கூவி வாசிப்பார்கள். "அம்பத்தஞ்சு! மாமியார் வீட்டுக்குப் போறான்டா!" "பதினெட்டு! தள்ளிக்கிட்டே போயிருக்கலாம்!" தன் வேகத்தை நாலு பேர் வாயால் கேட்க யாருக்கும் பிடிக்காது. வெட்கம் உள்ளவன் பிரேக் போட்டான். டிப்பர்களுக்கு வெட்கம் கிடையாது. அவை கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பழையபடி பறக்க ஆரம்பித்தன.

அந்தக் காலையில் மீட்டரம்மா வளைவில் திரும்பி, கோடவுன் சுவரை ஒட்டி, எப்போதும்போல முப்பதை ஒட்டிய வேகத்தில் வந்தாள். டீக்கடையைக் கடந்ததும் எதிரே போர்டு பற்றி எரிந்தது. சிவப்பு. எழுபத்திரண்டு.

பெஞ்சு முழுவதும் எழுந்துவிட்டது. "எழுபத்திரண்டு! அக்காவா? நம்ம அக்காவா?"

வேறு யாராக இருந்தாலும் பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் குனிந்து தன் ஸ்கூட்டரின் முள்ளைப் பார்த்தாள். வாழ்நாள் முழுவதும் மீட்டரைப் பார்த்தே பழகிய கண். முள் முப்பதில் நின்றது. 'இது முப்பது, அது எழுபத்திரண்டு, எது தப்பு?' என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அலறியது. பாலத்தின் மேல் டிப்பரின் விலா அவள் ஹேண்டில்பாரைத் தட்டியது. அடுத்த கணம் அவள் வறண்ட வாய்க்காலில் கிடந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக்கூடாத திசையில் போயிருந்தது.

பெஞ்சில் இருந்தவர்களுக்கும் பாலத்துக்கும் நடுவே டிப்பரின் முதுகு மறைத்துக்கொண்டது. தட்டியதை யாரும் பார்க்கவில்லை. லாரி நின்றபோது அவள் வாய்க்காலில் இருந்தாள், அவ்வளவுதான்.

ஓடிவந்து தூக்கினார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தூக்கி ஆட்டோவில் கிடத்தும்போது டீக்கடைக்காரன் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான். பிடித்துக்கொண்டே, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான்:

"மீட்டர் பொய் சொல்லாதே, என்னக்கா?"

யாரோ சிரித்தார்கள். உடைந்த எலும்பின் வலி பிறகு மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் தகடு வைத்து, மேலே கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்பது முன்னறையில் கணவனின் தையல் மிஷின், உள்ளறையில் ஒரு கட்டில், அதற்கப்புறம் சமையல் கட்டு. ஊரே டெய்லர் என்று கூப்பிடும் கணவன் பரம சாது. யாராவது வாசலில் கத்தினால் மிஷினின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வான். அவன் போட்ட சண்டை அவ்வளவுதான்.

சண்டை போட ஆட்களுக்கா பஞ்சம்? அடிபட்டவளைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் திருப்தியோடு திரும்பினார்கள். "எத்தனை வீட்டு விளக்கை அணைச்ச, சாபம் சும்மா விடுமா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"சாபம் பலிக்கும்னா கிரஷர்காரன் எப்பவோ சாம்பலாகியிருக்கணும்" என்றாள் மீட்டரம்மா. "என் காலை உடைச்சது லாரி. சாபத்துக்கு டயர் கிடையாது."

பேச்சில் குறைச்சல் இல்லை. ஆனால் உள்ளே ஆடிப்போயிருந்தாள். போலீஸில் வழக்கு எழுதியிருந்தார்கள்: ஸ்கூட்டர்காரி அதிவேகமாக வந்து நிலைதடுமாறி விழுந்தாள், லாரி ஓட்டுநர் விபத்தைத் தவிர்க்க முயன்றான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. இது உறுதியானால் வேலை போய்விடும் என்று அலுவலக மேலாளர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான். தினமும் வண்டியில் சுற்றுகிற வேலை. கண்மூடித்தனமாக ஓட்டினாள் என்று போலீஸ் எழுதிவிட்டால் எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்? காலும் போய், வேலையும் போய், கடைசியில் பழியும் அவள் தலையில். அந்த எழுபத்திரண்டு அவளுடையது இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வாக்குமூலம் வாங்க வந்த சப் இன்ஸ்பெக்டர் இளம்பெண். நிறைய வழக்கு, குறைய தூக்கம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"போர்டு தப்பா காட்டுச்சு மேடம்" என்றாள் மீட்டரம்மா.

"அந்த போர்டு வேணும்னு மனு போட்டது யாரு?"

"நான்தான்."

"அதைக் கழுவித் தொடைச்சது?"

"நான்தான்."

"மத்தவங்களுக்குக் காட்டுனப்போ சரி. உங்களுக்குக் காட்டுனா தப்பு. அப்படித்தானேம்மா?"

 இதே கேள்வியை எத்தனை வாசலில் எத்தனை பேரிடம் மீட்டரம்மா கேட்டிருக்கிறாள்.

அடுத்தபடியாகக் கிரஷர்காரன் வந்தான். கையில் ஆப்பிள் பை, பின்னால் ஓட்டுநர். ஓட்டுநர் வாசற்படி தாண்டாமல், தரையைப் பார்த்தபடி நின்றான். கிரஷர்காரன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பழசெல்லாம் மறந்துடுவோம்மா. நீங்க என் மீட்டரைப் பிடிச்சீங்க. இப்ப போர்டு உங்களைப் பிடிச்சிருக்கு. கணக்கு நேராயிடுச்சு."

"உங்க லாரி என்ன வேகத்துல வந்துச்சு?"

"என் வண்டி சுவத்தைத் தாண்டி வெளிய வந்தப்போ போர்டுல நாப்பதுதான். பெஞ்சுல இருந்த யாரை வேணா கேளுங்க. நாப்பதுல வந்த லாரி மோசமா, எழுபத்திரண்டுல வந்த ஸ்கூட்டர் மோசமா?" ஒரு காகிதத்தை விரித்தான். "தப்பு உங்க பக்கம்தான்னு ஒரு கையெழுத்து. ஆஸ்பத்திரி செலவு என் பொறுப்பு. அப்புறம் இன்னொண்ணு. இந்த போர்டைப் பாத்து கவனம் சிதறிடுச்சு, இதை எடுத்துடுங்கன்னு துறைக்கு ஒரு கடுதாசி. மனு போட்டு வரவெச்ச நீங்களே கேட்டா உடனே எடுத்துடுவாங்க."

"ஆப்பிளை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"யோசிச்சு—"

"ஏங்க!" என்று முன்னறைக்குக் குரல் கொடுத்தாள். "அந்தக் கத்திரிக்கோலை எடுத்துட்டு வாங்க!"

காகிதத்தை வெட்டத்தான் கேட்டாள். கிரஷர்காரனுக்கு அது தெரியாதே. எழுந்து போய்விட்டான். ஆப்பிள் பை மட்டும் கிடந்தது.

டெய்லர் கத்திரிக்கோலோடு வந்து நின்றான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடேன்" என்றான் மெதுவாக. "ஊரே ஒரு பக்கம் நிக்குது. நீ ஒருத்தி என்ன பண்ணுவ?"

"ஊரே சொன்னா முப்பது எழுபத்திரண்டாயிடுமா?"

"அப்படின்னா போர்டு ஏன் அப்படிச் சொல்லுச்சு?"

 அந்தக் கேள்விதான் அவளை அரித்தது. கட்டுக்குள்ளே அரிப்பெடுக்கும் காலைவிட மோசமாக அரித்தது. போர்டு பொய் என்று சொன்னால் தான் தப்பிக்கலாம். ஆனால் மறுபடி அதைச் சொல்ல அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லாத ஒரு பொருள் அவளைப் பற்றி மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அப்படி இருக்கும்போது ஒரு மதியம், பின்வாசல் வழியாக டீக்கடைக்காரனின் மனைவி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரிய வேணாம்கா. வந்தேன்னு தெரிஞ்சா என்னை வறுத்துடுவாரு."

"விஷயத்தைச் சொல்லு."

"கடை மீட்டர் ரெண்டு மாசமா தாறுமாறா ஓடுது. அதே பிரிட்ஜ், அதே ரெண்டு விளக்கு, அதே ஃபேன். மீட்டர் கெட்டுப் போச்சுக்கா."

"மீட்டர் பொய்—" என்று வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். வந்தவளும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆட்டோவுக்குப் பக்கத்தில் எழுந்த சிரிப்பு இரண்டு பேர் காதிலும் ஒலித்தது.

மீட்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கேட்டுக்க. கடையை மூடினதும் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணு. உள்ள எல்லாம் நின்னுடும். அப்ப போய் மீட்டரைப் பாரு. சின்னதா ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். நின்னுடுச்சுன்னா ஓடுனதெல்லாம் உன் லோடு, நீ இழுத்த கரண்டு, வாயை மூடிக்கிட்டுக் கட்டு. அப்பவும் மினுக்குச்சுன்னா—"

"மீட்டர் கெட்டுப் போச்சு?"

"இல்லடி. மீட்டர் சரியாத்தான் ஓடுது. லோடுதான் உன்னோடது இல்ல. பக்கத்துல எவனோ மீட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவுல உன் கம்பியில கொக்கி போட்டிருக்கான். உன் மீட்டர்ல அவன் ஓடுறான்."

சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோனாள். வந்தவள் பயந்துவிட்டாள். "என்னக்கா? வலிக்குதா?"

"உங்க பெஞ்சுல உக்காந்தா இடது பக்கம் என்ன தெரியும்?"

"கோடவுன் சுவர்தான். ரோட்டோரம் வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கே. கடை உள்வாங்கிக் கெடக்கு."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டுல என்ன வருதுன்னு தெரியுமா?"

"எப்படிக்கா தெரியும்? தாண்டி வந்தாத்தான் தெரியும்."

"போர்டுக்குத் தெரியுமா?"

அவள் விழித்தாள். மீட்டரம்மா அவளை விட்டுவிட்டாள். போர்டு சாலைக்கு நேராக நிற்கிறது. அதற்குச் சுவர் ஒரு தடையே இல்லை; வளைவு வரைக்கும் பார்க்கும். ஒரு சின்ன ஸ்கூட்டரும் அதன் பின்னால் வீடு அளவு டிப்பரும் சேர்ந்து வந்தால் அது எதைப் பிடிக்கும்?

"ஏங்க!" என்று கத்தினாள். மிஷின் நின்றது. "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. இடத்தைப் பாக்க எப்ப வராங்கன்னு கேளுங்க. அன்னிக்கு எனக்கு ஆட்டோ வேணும்."

டெய்லர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் வந்த காலையில் பெஞ்சு நிரம்பி வழிந்தது. கிரஷர்காரன் காரில் சாய்ந்து நின்றான். ஓட்டுநர் பக்கத்தில் கைகட்டி நின்றான். டீக்கடைக்காரன் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினான்.

"நாங்க அத்தனை பேரும் பாத்தோம் மேடம். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அந்த அக்கா மட்டும்தான். போர்டுல எழுபத்திரண்டு வந்தப்போ லாரிகூட இன்னும் வரல. வேற வண்டியே இல்ல."

"வேற வண்டியே இல்ல" என்று பெஞ்சு பின்பாட்டுப் பாடியது.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு அக்குள்களிலும் கட்டையை ஊன்றி மீட்டரம்மா இறங்கினாள். டெய்லர் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான், விழுந்தால் பிடிக்க. அவள் டீக்கடையைத் தாண்டி, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், போர்டுக்கு நேரெதிரே சாலையின் ஓரத்தில் போய் நின்றாள்.

"ரோட்டை விட்டு வாங்கம்மா" என்றாள் சப் இன்ஸ்பெக்டர்.

"அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன் மேடம். இப்பவும் நிக்கிறேன். ஒரு டிப்பர் வரட்டும். போர்டை மட்டும் பாருங்க."

"அக்கா நின்னுக்கிட்டே அம்பது போவாங்க!" என்று ஒருவன் கத்த, பெஞ்சு குலுங்கியது.

போர்டு இருண்டு கிடந்தது. ஒரு சைக்கிள் போனது. பச்சையில் பன்னிரண்டு. பெஞ்சு கைதட்டியது. மறுபடி இருட்டு. டிப்பர் வரவில்லை. கட்டை அக்குளை அறுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவேளை தான் நினைத்தது தப்போ? தப்பாக இருந்தால் இந்த ஊர் இதைச் சொல்லிச் சொல்லியே அவளைப் புதைத்துவிடும்.

"போதும்மா, எனக்கு வேற வேலை இருக்கு" என்ற சப் இன்ஸ்பெக்டர் சட்டென்று நிறுத்தினாள். சாலையைப் பார்த்தாள். கிரஷர்காரனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வந்து இவ்ளோ நேரமாச்சு. ஒரு டிப்பர்கூட வரல. கிரஷருக்கு இன்னிக்கு லீவா?"

"அது வந்து மேடம்... மெஷின் ரிப்பேர்..."

பக்கத்தில் நின்ற ஓட்டுநர் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. தூக்கம் கெட்ட அந்தப் பெண்ணுக்கு, தன்னை யாரோ முட்டாளாக்குகிறார்கள் என்பது மட்டும் பொறுக்காது.

"என்ன செய்யணும், சொல்லுங்கம்மா" என்றாள்.

"உங்க ஜீப்பை வளைவுக்கு அந்தப் பக்கம் அனுப்புங்க. அறுபதுக்கு மேல வேகமா வரட்டும். ஆனா சுவர் முடியுறதுக்கு முன்னாடியே நின்னுடணும். வெளிய வரவே வேணாம்."

ஜீப் போனது. சாலை காலியாயிற்று. போர்டுக்கு முன்னால் கட்டையூன்றி நிற்கும் ஒரு பொம்பளை. வேறு யாருமில்லை, ஈயும் இல்லை, காக்காவும் இல்லை. எங்கோ இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது.

போர்டு எரிந்தது. சிவப்பு. அறுபத்து மூன்று.

யாரும் வாசிக்கவில்லை. பெஞ்சு முதன்முறையாக ஒரு எண்ணை விழுங்கியது.

"வாசிங்களேன்!" என்று கத்தினாள் மீட்டரம்மா. "எப்பவும் வாசிப்பீங்களே! நொண்டி நின்னுக்கிட்டே அறுபத்து மூணுல போறா, வாசிங்கடா!"

சுவருக்குப் பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. எண் இறங்கி இறங்கி அணைந்தது. பிறகு ஜீப் ஆமைபோல மூக்கை நீட்டி வெளியே வந்தது. ஓட்டிய கான்ஸ்டபிள் தலையை நீட்டி, "அறுபத்து மூணு தொட்டேன் மேடம்" என்றான்.

முதலில் சுதாரித்தவன் கிரஷர்காரன். "பாத்தீங்களா மேடம்! நின்னுக்கிட்டு இருக்கிற பொம்பளைக்கு அறுபத்து மூணு காட்டுது. போர்டே கோளாறு. இதைப் பிடுங்கிப் போட்டாத்தான் ஊருக்கு நிம்மதி."

"ஆமா ஆமா, போர்டுதான் கோளாறு" என்று பெஞ்சு உடனே பிடித்துக்கொண்டது. தாங்கள் தப்பாகச் சொன்னோம் என்பதைவிட இயந்திரம் தப்பாகச் சொன்னது என்பது எவ்வளவு வசதி! காலம் காலமாகக் கூட்டம் இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறது.

"போர்டு கோளாறு இல்ல" என்றாள் மீட்டரம்மா. இப்போது கத்தவில்லை. "ஜீப் அறுபத்து மூணுல வந்துச்சு. போர்டு அறுபத்து மூணு காட்டுச்சு. என் மெயின் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. மீட்டர் ஓடுது. அப்ப லோடு யாருது?"

டீக்கடைக்குள் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. உள்ளே நின்றிருந்த டீக்கடைக்காரனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மீட்டரம்மா பெஞ்சின் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தது போர்டை. அப்புறம் என்னை. சுவத்துக்குப் பின்னாடி வண்டி இல்லைன்னு யாராவது எழுந்து போய்ப் பாத்தீங்களா? பாக்காத ஒண்ணை இல்லைன்னு எப்படிச் சொன்னீங்க?"

சப் இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு மறுபடி எழுதினாள். முன்பு 'வேறு வண்டி இல்லை' என்றிருந்தது. இப்போது 'வேறு வண்டியை நான் பார்க்கவில்லை, சுவர் மறைத்தது' என்றாயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு மனுஷியின் வேலையும் மானமும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான். முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்டானா என்றால், இல்லை. "அக்காவால எனக்கு அரை நாள் வியாபாரம் போச்சு" என்று முணுமுணுத்தான்.

ஓட்டுநரை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அவன் ஏறுமுன் முதல்முறையாக மீட்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"வேணும்னு பண்ணலக்கா. உங்களைப் பாத்ததும் பிரேக்கை மிதிச்சேன். நிக்கல. ட்ரிப் குறைஞ்சா அடுத்த நாள் சாவியை வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க."

கிரஷர்காரன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். "ஓட்டுறவன் தப்புக்கு நான் என்ன மேடம் பண்ணுவேன்?" என்றான் கண்ணாடி வழியாக. நேற்றுவரை 'என் வண்டி, என் வண்டி' என்றவன்.

மீட்டரம்மா கட்டையை எடுத்து ஜீப்பின் கதவுக்குக் குறுக்கே வைத்தாள்.

"மேடம், இவன் தட்டுனான், உண்மை. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இவனுக்குப் பின்னாடியும் ஒரு சுவர் இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் யாருன்னு எழுந்து போய்ப் பாருங்க. ட்ரிப்பை யாரு விரட்டுறா, பிரேக்கை யாரு மாத்தாம விட்டா, இன்னிக்கு லாரியை யாரு நிறுத்தி வெச்சா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்மா" என்றாள் சப் இன்ஸ்பெக்டர்.

"எனக்குப் போதாது."

 சப் இன்ஸ்பெக்டர் போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினாள். "நீங்களும் ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. பின்னாலேயே வந்துடுங்க. நாப்பதுக்குள்ள."

கார் கிளம்பியபோது போர்டு பச்சையில் முப்பத்தாறு காட்டியது. பெஞ்சில் யாரோ பழக்க தோஷத்தில் வாசித்துவிட்டு, கிரஷர்காரன் கார் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காலில் போட்ட கட்டைப் பிரித்த பிறகு மீட்டரம்மா வேலைக்குத் திரும்பினாள். இடது கால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கும், இனி எப்போதுமே. ஊர் அவளை நேசிக்கத் தொடங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தப்புச் செய்தவளைவிட, தன்னைத் தப்பு என்று நிரூபித்தவள்மேல் மனிதனுக்குக் கோபம் அதிகம். கிரஷர்காரன் இரண்டே நாளில் வெளியே வந்துவிட்டான், வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் டிப்பர்கள் போர்டைக் கண்டு முனகிக்கொண்டே மெதுவாகின்றன. அவற்றின் எண்களைப் பெஞ்சு இப்போது உரக்க வாசிக்கிறது. முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசிக்கிறது.

முதல் நாள் முதல் வாசலாக அவள் போனது டீக்கடைக்கு. மீட்டரில் டார்ச் அடித்தாள்.

"மெயினை ஆஃப் பண்ணு."

"காலையில வியாபார நேரத்துலயா? பிரிட்ஜுல பால் இருக்குக்கா!"

"ஆஃப் பண்ணு. யாரு லோடுன்னு பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

இப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் இதையே செய்கிறாள். இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. அதற்கும் திட்டுகிறார்கள். டீக்கடைக்காரன் உள்ளே போய் ஸ்விட்சைத் தட்டினான். ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. கடையின் உள்ளிருட்டில் மீட்டரின் சின்னச் சிவப்புப் பொட்டு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.

டீக்கடைக்காரன் அதைப் பார்த்தான். பக்கத்துக் கடைச் சுவரைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"வாசி" என்றாள் மீட்டரம்மா.